இறகு காட்டும் பாதரசக் கணக்கு



மொழியியல் பயின்றவன் கடற்பறவையைப் பற்றிப் பேசுவது ஏன் என நீங்கள் வினவக்கூடும். காரணம் ஒரு சொல். நம் பேச்சுவழக்கில் 'இறக்கை' என்பது பறக்கும் உறுப்பையும் குறிக்கும். அதில் முளைத்த ஓர் இறகையும் குறிக்கும். கதை கூறுவோர்க்கு இதனால் இடரில்லை. அறிவியல் கற்பிப்போர்க்கு உண்டு.

நிலக்கரியை எரிப்பதாலும் பாதரசம் கொண்டு பொன்னைப் பிரிப்பதாலும் அந்நஞ்சு காற்றிலும் நீரிலும் கலக்கிறது. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சிறுமீனைப் பெருமீன் உண்ண, படிதோறும் அதன் செறிவு மிகுகிறது. மீனுண்ணும் கடற்பறவை மேற்படியில் நிற்கிறது. மீனுண்ணும் மனிதரும் அங்கேயே நிற்கின்றனர். ஜப்பானின் மினமாத்தாவில் 1956ஆம் ஆண்டு வெளிப்பட்ட நோய் இதனை உலகிற்கு உணர்த்திற்று.

இறகு வளரும்போது அதனுள் குருதி ஓடுகிறது. இறகு கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அப்புரதத்தில் கந்தகம் உண்டு. குருதிவழி வரும் மெத்தில் பாதரசம் அக்கந்தகத்தோடு இறுகப் பிணைகிறது. வளர்ச்சி முடிந்ததும் குருதியோட்டம் நின்றுவிடும். பிணைந்தது அங்கேயே தங்கிவிடும். ஆகவே பறவையைக் கொல்லாமலே அதன் உடலில் ஏறிய நஞ்சை அளக்கலாம்.

ஆயினும் எல்லா இறகும் ஒரே அளவு காட்டுவதில்லை. இறகுதிர்வுக்குப்பின் முதலில் முளைக்கும் பறப்பிறகுகளில் பாதரசம் மிகுதி. உடலில் சேர்ந்திருந்தது அவற்றில் இறங்கிவிடுவதால், பின்னர் முளைப்பனவற்றில் குறைவு. எனவே ஆய்வாளர் உடலை மூடிய சிற்றிறகுகள் சிலவற்றைச் சேர்த்து அளப்பதை விரும்புகின்றனர். 'இறக்கையை எடு' என்று ஆசிரியர் சொன்னால் மாணவர் எதனை எடுப்பார்? தவறான இறகு தவறான எண்ணைத் தரும்.

பழைய இறகுகளும் பயன்படுகின்றன. சுவீடன் ஆய்வாளர்கள் அருங்காட்சியகப் பறவைகளின் இறகுகளை ஆராய்ந்து, நூறாண்டுக் கால நிலையை 1966இல் வெளியிட்டனர். 1940களில் பாதரசம் திடீரென உயர்ந்திருந்தது. விதைகளுக்குப் பூசிய பாதரச மருந்தே காரணமெனத் தெரிந்தது. 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பசிபிக் கடலின் கருங்கால் அல்பட்ராஸ் இறகுகளில் 1880 முதல் 2002 வரை மெத்தில் பாதரசம் ஏறிவந்ததைக் காட்டிற்று. இங்கும் சொல்திட்பம் வேண்டும். பண்டைய அருங்காட்சியகங்களில் பாடம் செய்த உடல்களுக்குப் பாதரச உப்பைப் பூசியதுண்டு. வெறுமனே 'பாதரசம்' என அளந்தால் பூச்சும் கணக்கில் சேரும்; 'மெத்தில் பாதரசம்' எனப் பிரித்தளந்தால்தான் பறவை உண்டது புலப்படும்.

தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. வரையறுக்கும் துணிவே வேண்டும். உறுப்பைச் 'சிறகு' என்போம். பொதுவாக முளைப்பதை 'இறகு' என்போம். சிறகின் நீண்டவற்றைப் 'பறப்பிறகு' என்போம். உடலை மூடியவற்றை 'உடலிறகு' என்போம். அடியிலுள்ள மென்மயிரைத் 'தூவி' என்போம். வகுப்பில் இவற்றை மாற்றாமல் வழங்குவோம்.

கமுந்திங்குக்கு அணித்தே கோலகூலாப் பறவைக் காப்பிடம் உள்ளது. அதன் அலையாத்திக் காட்டுக்கும் சேற்றுவெளிக்கும் ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வருகின்றன. அங்கே மாணவரை அழைத்துச் செல்லுங்கள். அனுமதியின்றி எதனையும் எடுக்க வேண்டா; கண்டதைச் சரியான சொல்லால் குறித்துவரச் சொல்லுங்கள். அப்பறவை உண்ணும் மீனுக்கும் நம் வீட்டுக் குழம்பு மீனுக்கும் கடல் ஒன்றே என்பதைத் தமிழிலேயே அவர்கள் விளக்கக் கற்றால், என் உரை பயன் பெற்றதாகும்.