வாக்கும் கிணறும்

(இணுவிலில் நடைபெற்ற வட்டாரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“பிரதேச சபையா? தெருவிளக்கும் குப்பை வண்டியுந்தானே!” என்று ஏளனம் பேசுவோர் நம்மிடையே உளர். அவர்களுக்கு விடை கூறவே இன்று இம்மேடையில் நிற்கின்றேன்.

நமது குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது; அதுவே நமக்கு ஆறு, அதுவே உயிர். இணுவிலின் புகையிலையும் மரக்கறியும் அந்நீரை உண்டே வளர்கின்றன. அப்பாறையோ வெடிப்பும் துளையும் நிறைந்தது. ஒருவர் வளவில் விழுந்த அழுக்கு, வேலி கடந்து அயலவர் கிணற்றை அடையும். காணிக்கு உறுதி முடிக்கலாம்; நிலத்தடி நீருக்கு உறுதி முடிக்க எந்த நொத்தாரிசாலும் இயலாது. எல்லோருக்கும் பொதுவான பொருளைக் காக்க, எல்லோருக்கும் பொதுவான சபை வேண்டாமா?

சுன்னாகத்தை மறந்துவிட்டீர்களா? மின் நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றுப்புறக் கிணறுகளிற் கலந்தது. சூழல் ஆர்வலர் ஒருவர் 2015இல் உயர் நீதிமன்றம் சென்றார். 2019 ஏப்ரல் 4ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணிக்கப்பட்டது. நீதி வென்றது, மகிழ்கின்றேன். ஆனால் தீர்ப்புப் பத்திரம் கிணற்றைக் கழுவித் தருமா? கெட்டபின் வழக்காடுவதிலும் கெடுமுன் காப்பதன்றோ அறிவுடைமை?

காக்கும் கடமை யாருடையது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், 3ஆம் பிரிவிலேயே பொதுச் சுகாதாரத்தையும், பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும், பொதுப் பாதைகளையும் சபையின் கையில் ஒப்படைக்கின்றது.

அத்தகைய சபை நமக்கு எத்தனை முறை மறுக்கப்பட்டது! கிராமச் சங்கங்கள் 1981இல் மறைந்தன. யாழ்ப்பாண மாவட்டத்தின் கிராமங்கள் மீண்டும் தமக்கெனச் சபைகளைத் தேர்ந்தெடுத்தது 1998இல், பதினேழு ஆண்டுகள் கழித்து! 2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த தேர்தலும் பணமில்லை என்ற காரணத்தால் நின்றது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென 2024 ஆகத்தில் உயர் நீதிமன்றம் கூறியது. 2025 மே 6இலேதான் வாக்களித்தோம். இடைப்பட்ட ஈராண்டுகளுக்கு மேல் அலுவலர்களே சபைகளை நடத்தினர். அவர்களை நான் குறை கூறேன். ஆனால் அலுவலர் இடமாற்றம் பெற்றுச் செல்வார். உறுப்பினரோ நாளையும் கோயில் வாசலில் நம் முகத்தில் விழித்தாக வேண்டும். அந்தக் கூச்சமே மக்களாட்சியின் காவல்!

இப்பொழுது சபை இருக்கின்றது. ஆதலால் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றேன். ஆண்டுதோறும் கிணற்று நீரைச் சோதித்து, முடிவை வாசிகசாலைப் பலகையில் ஒட்டுக. மலக்கழிவு ஏற்றும் வண்டி எங்கே கொட்டுகின்றது என்பதை மக்களுக்கு அறிவிக்குக. வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுமுன் வட்டாரந்தோறும் வாசித்துக் காட்டுக.

நமக்கும் கடமை உண்டு. சோலைவரியை நிலுவையில் வைத்துக்கொண்டு சபையைத் திட்டுவது முறையன்று. அயலவர் கிணற்றருகே மலக்குழி வெட்டிவிட்டுச் சுன்னாகத்து எண்ணெயைப் பற்றிப் பேசும் உரிமையும் நமக்கில்லை.

அன்பர்களே, வாக்களித்த அன்றே நம் வேலை முடிந்துவிடவில்லை. சபைக் கூட்டத்துக்குச் செல்லுங்கள்; கேளுங்கள்; விடை கிடைக்கும்வரை கேளுங்கள். நம் பிள்ளைகள் குடிக்கும் நீர் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கின்றது.