எல்லை வகுத்த ஒரு நாள் நடை
(மகாவீரர் பிறந்தநாள் விழா அவையில் நிகழ்ந்த உரை)

 

விடுமுறை நாள்களில் மலைவழி நடப்பது இன்று நகரத்து இளைஞரிடையே பரவிவரும் வழக்கம். முதுகில் ஒரு பை, கையில் தண்ணீர்ப் புட்டி, காலையில் புறப்பட்டு உச்சிப் பொழுதுக்குள் இறங்கிவிடும் அளவில் ஒரு குன்று. சமணக் குடும்பத்துப் பிள்ளைகளும் இவ்வாறு செல்கின்றனர். அப்போது வீட்டுப் பெரியவர் ஒருவர் தவறாமல் கேட்பார்: “வேலையின்றி மலையில் திரிந்து ஆவதென்ன? போகும் வழியில் எத்தனை உயிர் மிதிபடும்?” இளையோர் சிரித்துவிட்டுப் போய்விடுவர். சிரித்து ஒதுக்கத்தக்க வினா அன்று அது. அதற்கு அறநூலின் பின்துணை உண்டு.

இல்லறத்தார் ஒழுக்கத்தை வகுத்துரைக்கும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், அநர்த்ததண்டம் என்ற பெயரில் பயனின்றிச் செய்யப்படும் தீங்குகளை ஐந்தாகப் பகுக்கிறது. அவற்றுள் ஒன்று பிரமாதசரியை, அஃதாவது கவனமற்ற நடத்தை. காரணமின்றி மண்ணைக் கிளறுதல், நீரை வீணாக்குதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை ஒடித்தல் என அடுக்கிவரும் ஆசிரியர், வீணே திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் அதே வரிசையில் வைக்கிறார். அந்நூலை அடியொற்றித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. ஒரு சுற்றுலாக் கூட்டம் மலையில் அரைநாள் தங்கிச் செய்வதை எண்ணிப் பார்த்தால் இவ்வடுக்கின் கூர்மை விளங்கும். அடுப்பு மூட்டுகின்றனர்; சுனையில் கால் கழுவுகின்றனர்; கிளையை ஒடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகின்றனர். நூலாசிரியர் மலைச் சுற்றுலாவைக் கண்டவர் அல்லர். ஆனால் மனிதக் கையும் காலும் சும்மா இருக்கும்போது என்ன செய்யும் என்பதை அறிந்தவர்.

அதே நூல் வேறோர் இடத்தில் தேசாவகாசிகம் என்னும் விரதத்தையும் கூறுகிறது. இன்று இந்த வீடு வரை, இந்த ஊர் வரை, இந்த வயல், இந்த ஆறு, இந்தக் காடு வரை, இத்தனை யோசனை தூரம் வரை எனப் போக்குவரவுக்குக் காலத்தோடு கூடிய எல்லை ஒன்றை வகுத்துக்கொண்டு, அதற்கு அப்பால் செல்லாதிருத்தலே அவ்விரதம். இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது பெரியவரின் வினாவுக்கு ஒரு விடை கிடைக்கிறது. அறநூல் தடுப்பது நோக்கமும் எல்லையும் இல்லாத திரிதலை. தொலைநாட்டுச் சிகரங்களைத் தேடிப் போவதைக் காட்டிலும், அண்மையிலுள்ள ஒரு குன்றை, ஒரு காலைப் பொழுதில், ஒரு நோக்கத்தோடு ஏறி இறங்குவது இல்லறத்தாரின் விரதத்துக்கு இசைந்த நடையாகிறது.

எவ்வாறு நடப்பது என்பதற்கு வேறு நூல் தேட வேண்டியதில்லை. துறவியர்க்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் முதலாவதான ஈரியா சமிதி முழுவதும் நடையைப் பற்றியதே. ஞாயிறு எழுந்து வெளிச்சம் பரவிய பின் நடக்க வேண்டும். பலர் நடந்து தேய்ந்த வழியில் நடக்க வேண்டும். நுகத்தடி அளவு, அதாவது நான்கு முழத் தொலைவு, முன்னே நோக்கி நடக்க வேண்டும். இவற்றுள் இரண்டாவது விதி இன்றைய மலைவழிக்கு மிக இன்றியமையாதது. குறுக்கு வழி தேடும் ஒவ்வொரு கூட்டமும் புதிதாக ஒரு தடத்தைப் போடுகிறது; புல் அழிகிறது; அடுத்த மழையில் அத்தடம் ஓடையாகி மண்ணை அரித்துச் செல்கிறது. தேய்ந்த தடத்தில் புதிதாக மிதிபட உயிர்கள் குறைவு.

மழைக்காலத்து நான்கு திங்களும் துறவியர் ஓரிடத்தில் தங்கிவிடும் சாதுர்மாசியமும் இவ்வடிப்படையில் எழுந்ததே. பாறையின் குழிகளில் நீர் தேங்கித் தவளைக் குஞ்சுகள் நெளியும் காலம், மண்ணிலிருந்து புழு பூச்சிகள் வெளிவரும் காலம் அது. இல்லறத்தார்க்கு அவ்விதி இல்லை. எனினும் மலைநடையைக் கார்த்திகைக்குப் பின்பும், பாறை கொதிக்கத் தொடங்கும் பங்குனிக்கு முன்பும் வைத்துக்கொள்வது உயிர்களுக்கும் நலம், ஏறுவோர் உடலுக்கும் நலம்.

நோக்கம் என்னவாக இருக்கலாம் என்பதற்கு மதுரைச் சுற்றுவட்டாரத்தைக் காட்டிலும் சிறந்த இடம் தமிழகத்தில் அரிது. வந்தவாசியைச் சார்ந்த பொன்னூர்மலையும், போளூரை அடுத்த திருமலையும் வடமாவட்டத்துத் தமிழ்ச் சமணர்க்குப் பழகிய தலங்கள். வழிபாடு நிலைத்திருப்பதால் அங்கே கவனிக்க ஆள் உண்டு. மதுரைக் குன்றுகளின் நிலை வேறு. அங்கே திருமேனிகள் உண்டு. அவற்றை நாள்தோறும் வணங்கச் சமணக் குடிகள் இல்லை.

மதுரைக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரங்கள், ஊரார் வழிபடும் அய்யனார் கோயில். அதன் பின்னே நீண்டு கிடக்கிறது சமணர்மலை. ஒரு பக்கத்தில் செட்டிப்புடவு என்னும் குகை. புடவு என்றால் குகை. முகப்பில் அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரர் உருவை ஊரார் செட்டியார் எனக் கருதியதால் இப்பெயர் வந்தது என்பர். குகையின் உள்ளே குனிந்து நுழைந்து நிமிர்ந்தால் மேற்புறத்தில் ஐந்து புடைப்புருவங்கள். நடுவில் முக்குடையின் கீழ்த் தீர்த்தங்கரர் மூவர். ஓர் ஓரத்தில் சிங்கத்தின்மேல் ஏறி, யானைமேல் வருபவனோடு பொரும் இயக்கி. சாந்தமே உருவான மூவர்க்கு அருகில் இத்தனை வேகமான ஒரு போர்க்காட்சியைச் செதுக்கிய சிற்பியின் துணிவு வியக்கத்தக்கது.

மலையின் மறுபுறம் படியேறினால் பேச்சிப்பள்ளம். ஒரே பாறை விளிம்பில் எட்டுத் திருமேனிகள் வரிசையாக நிற்கின்றன. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அவற்றுள் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி எனத் தெரிவிக்கிறது. அச்சணந்தி என்னும் முனிவரின் பெயர் யானைமலை, அரிட்டாபட்டி, உத்தமபாளையம் எனப் பல மலைகளில் பொறிக்கப்பட்டுள்ளது. பல ஊர்களுக்கும் சென்று திருமேனிகள் செய்வித்த அம்முனிவரைத் தமிழகச் சமண வரலாறு நன்கறியும். அவரைப் பெற்றவளின் பெயரை அறிவதற்கு இப்பாறையின் முன்னே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. பெண்மக்களை அழைத்துச் செல்வோர் அவ்விடத்தில் சற்று நேரம் நிறுத்துவது தகும்.

இன்னும் மேலே ஒரு கோயிலின் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. மாதேவிப் பெரும்பள்ளி என்பது அதன் பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் பராந்தக வீரநாராயணன் தன் தேவி வானவன்மாதேவியின் பெயரால் எடுப்பித்தது எனக் கருதப்படுகிறது. அதற்கும் மேலே உச்சியில் ஒரு விளக்குத்தூண். அருகில் கன்னட எழுத்தில் ஒரு கல்வெட்டு. கன்னட நாட்டிலிருந்து நடந்தே வந்து போன சமணர் தொடர்புக்கு அது சான்று. அடிவாரம் முதல் உச்சி வரை ஏறி இறங்க, நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்து, மூன்று மணி நேரம் போதும்.

மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில், மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி. இங்குள்ள கழிஞ்சமலையில் இயற்கையான குகைத்தளம் ஒன்று. அதன் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டப்பட்டிருக்கிறது. பாறையின் வளைவில் வழிந்து வரும் நீர் அக்காடியின் விளிம்பில் தடைபட்டு வெளியே சொட்டிவிடும்; உள்ளே படுத்திருப்பவர் நனையமாட்டார். இத்தனை எளிய வேலை ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் பயன்படுகிறது. காடியை ஒட்டித் தமிழி எழுத்தில் குகையைச் செய்வித்தவர் பெயர். அண்மையிலுள்ள மீனாட்சிபுரத்து ஓவாமலையில் நெடுஞ்செழியன் பெயரும், கணிநந்தன் என்னும் முனிவர் பெயரும், வெள்ளறை ஊர் வணிகக் குழுவின் பெயரும் உள்ளன. 1882இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்த இக்கல்வெட்டுகள் தமிழகத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் அடங்கும்.

கழிஞ்சமலையின் மற்றொரு பகுதியில் வண்ணப் பூச்சின் எச்சங்களோடு ஒரு தீர்த்தங்கரர் திருமேனி. அதையும் அச்சணந்தியே செய்வித்தார். கீழுள்ள வட்டெழுத்து, மலையின் அன்றைய பெயரைத் திருப்பிணையன் மலை எனக் கூறி, இத்திருமேனி பாதிரிக்குடியாரின் பாதுகாப்பில் உள்ளது என முடிகிறது. பாதிரிக்குடி என்பது இவ்வூரின் பழம்பெயர். முனிவர் பொறுப்பை ஒப்படைத்தது ஊராரிடம்.

குன்றின் மொட்டைப் பாறையில் விழும் மழை முழுவதும் கீழே ஏரிகளில் சேர்கிறது. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்குக் கணக்கிடப்பட்டுள்ளன. லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் பாறை முகடுகளில் வாழ்கின்றன. அழுங்கும் தேவாங்கும் மலைப்பாம்பும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சார்ந்த 193 எக்டேர் நிலத்தைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது.

இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், இந்நிலத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமத் தொகுதி ஏலத்தில் ஒதுக்கப்பட்டது. 2025 ஜனவரி 7ஆம் நாள் ஆயிரக்கணக்கான ஊர்மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் வரை நடந்தே சென்றனர். ஜனவரி 23ஆம் நாள் நடுவண் அரசு அவ்வேலத்தை நீக்கியது. நடந்தவர்களுள் பெரும்பாலோர் உழவர், சமணர் அல்லர். பாதிரிக்குடியார் பாதுகாப்பு என்னும் சொல்லை அவர்கள் வழித்தோன்றல்கள் காப்பாற்றினர். அத்திருமேனியை வணங்கும் மரபினர் எத்தனை பேர் அம்மலையைக் கண்ணால் கண்டிருக்கின்றனர் என்பது இவ்வவையில் எழ வேண்டிய வினா.

காணாத மலை கல்லாகவே எண்ணப்படும். கல் கனமீட்டர் கணக்கில் விற்கப்படும். கீழவளவில் பஞ்சபாண்டவர் மலையைச் சூழ்ந்து கிரானைட் அறுக்கப்பட்டதை மதுரை மக்கள் அறிவர். 2012இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் இவ்வட்டாரக் குவாரி முறைகேடுகளைப் பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பிய பின்னரே அவை நாடறியச் செய்தியாயின. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் 2010இல் எழுந்தபோதும் ஊரார் எதிர்த்து நின்றனர். அம்மலைக் கல்வெட்டில் அதன் பெயர் இவகுன்றம். இவம் என்றால் யானை. அந்நாள்களில் தொடங்கியதே எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் ஒருங்கிணைக்கும் பசுமை நடை. எச்சமயத்தாரும் காலையில் கூடி ஒரு குன்றுக்கு நடந்து, தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் கூறும் விளக்கத்தைக் கேட்டு, மரநிழலில் உண்டு திரும்பும் வழக்கம் அது. சமண அறக்கட்டளைகள் செய்திருக்க வேண்டியதைப் பிறர் செய்துவருகின்றனர் என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம், ஆயினும் உண்மை.

இவ்வாண்டு கார்த்திகைக்குப் பின் ஒரு நடையை ஏற்பாடு செய்ய விரும்பும் குடும்பங்கள் சிலவற்றைக் கருதிக்கொள்ளலாம். முப்பது பேருக்கு மேல் ஒரே வேளையில் குகைத்தளத்தில் நிற்க இடமிராது. காலை ஆறரைக்கு அடிவாரம் சேர்ந்து பத்தரைக்குள் இறங்கிவிடுதல் நன்று. அதன்பின் பாறை காலைச் சுடும். முதியோர்க்கு அரிட்டாபட்டியைவிடச் சமணர்மலையின் படிவழி எளிது. ஒவ்வொருவரும் இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுசெல்ல வேண்டும், சுனைநீரில் கைவைக்கலாகாது. பாறையிடுக்குகளில் மலைத்தேனீ கட்டியிருக்கும். கற்பூரமும் ஊதுவத்தியும் ஏற்றினால் புகையில் அவை கலைந்து கொட்டும், தாமும் மடியும். வழிபாட்டை விளக்கின்றி, மலரின்றி, வாயுரையாலும் மனத்தாலும் செய்துகொள்ளலாம்.

எழுத்துகள் தெளிவாகத் தெரியட்டும் என்று சிலர் சுண்ணக்கட்டியோ மாவோ பூசுகின்றனர். அது கல்லின் மேற்பரப்பைக் கெடுக்கும். காலை இளவெயில் பக்கவாட்டில் விழும்போது பொறித்த எழுத்துகள் நிழலால் தாமே எழும்பித் தெரியும். கற்படுக்கைகளின்மேல் காதலர் பெயர்களும் கட்சிப் பெயர்களும் கீறப்பட்டிருப்பதைப் பிள்ளைகள் பார்த்துக் கேட்பர். விடை சொல்வதற்கு முன், ஆளுக்கொரு குறிப்பேடும் கரிக்கோலும் கொடுத்து, குணமதியார் பெயரை வட்டெழுத்தில் உள்ளபடியே தாளில் எழுதிவரச் செய்யலாம். கல்வெட்டறிஞர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லும் செலவை அறக்கட்டளை ஏற்க முன்வருமானால், முதல் நடையைச் சமணர்மலைக்கும் அடுத்ததை அரிட்டாபட்டிக்குமாக வைத்துக்கொள்ளலாம். அரிட்டாபட்டிக்குச் செல்லும் நாளில் ஊர்ப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்வது முறை. வழியும் அவர்கள் காட்டுவர்.