கரப்பான் ஒட்டாது

(சிங்கப்பெருமாள் கோயிலில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் சொறிந்து சொறிந்து தோல் தடித்துக் கறுத்த பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். நாம் கரப்பான் என்போம்; மருத்துவர்கள் எக்ஸிமா என்பார்கள். "என் பையனை அந்தப் பொண்ணு பக்கத்துல உட்கார வைக்காதீங்க டீச்சர்" என்று ஒரு தாய் என்னிடம் வந்து கேட்டார்.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கரப்பான் தொற்றுநோய் அல்ல. சேர்ந்து உட்கார்ந்தாலும் சாப்பிட்டாலும் ஒட்டாது. சிரங்கும் படர்தாமரையும்தான் ஒட்டும். அவையும் மருந்தில் குணமாகும். எது என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

வெளிறிய திட்டைக் கண்டதும் தொழுநோயோ என்று அஞ்சுவோரும் உண்டு. நமக்கு அருகே திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1955 முதல் இயங்குகிறது. கரப்பான் அரிக்கும். தொழுநோய்த் திட்டில் பொதுவாக அரிப்பு இராது, உணர்ச்சி குறைந்திருக்கும். அப்படி இருந்தால் உடனே அனுப்புங்கள். இலவச மருந்திலேயே குணமாகும்.

கரப்பான் வந்து வந்து போகும். பலருக்கு வளர வளரக் குறையும். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் முடியும் குளியல், ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின், பருத்தி உடை, ஒட்ட வெட்டிய நகம்: இது பாதி வைத்தியம். மீதி, மருத்துவர் தரும் களிம்பை அவர் சொன்ன இடத்தில், சொன்ன நாள்வரை பூசுவது. கடையில் நாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு முதலில் அரிப்பை அடக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், படர்தாமரையாக இருந்தால் பரவும். கத்தரிக்காய், கருவாடு, முட்டை என்று ஒவ்வொன்றாக நிறுத்துவதும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். வளரும் பிள்ளைக்குச் சத்துக் குறைந்துவிடும்.

இரவெல்லாம் சொறிந்த பிள்ளை முதல் பாடவேளையில் தூங்கி விழும். அதைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம். "சொறியாதே" என்று அதட்டினால் அரிப்பு நிற்காது. வியர்வை அரிப்பைக் கூட்டும். எனவே மின்விசிறிக்கு அருகே இடம் கொடுங்கள். விளையாடி வந்ததும் கை, கால், கழுத்தைக் கழுவிவர விடுங்கள். கரும்பலகை அழிக்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுங்கள்.

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு நம் பள்ளிகளுக்கு வருகிறது. தோல் நோயும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் உண்டு. அவர்கள் வருமுன் உங்கள் வகுப்பில் சொறியும் பிள்ளைகளின் பெயரைக் குறித்து வையுங்கள். பெயரைச் சத்தமாக வாசிக்காமல் சீட்டாகக் கொடுங்கள்.