பின்பனியில் புரவலர், இளவேனிலில் இரவலர்



நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமே கண்டு வாழும் சிங்கப்பூரில் இப்பகுப்பு நமக்கு ஏட்டறிவாகவே நின்றுவிட்டது. ஆயின் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் மார்ச்சு மாதம் மெய்யாகவே பின்பனிக் காலம். மரங்கள் துளிர்ப்பது ஏப்ரலில்தான். அங்குள்ள பல்கலைக்கழகங்களின் சேர்க்கை அலுவலகங்களும் இவ்விரு பொழுதுகளில் இருவேறு முகம் காட்டுகின்றன. மார்ச்சில் அவை கொடுப்பதா மறுப்பதா என்று எண்ணும் புரவலர். ஏப்ரல் பிறந்ததும் வாயிலில் நின்று வேண்டும் இரவலர். நம் மாணவருள் சிலர் ஆண்டுதோறும் அவ்வலுவலகங்களின் மறுமொழிக்குக் காத்திருக்கின்றனர். அவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவோரும் இவ்வவையில் அமர்ந்துள்ளனர். ஆதலின் அங்கே அந்நாள்களில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

பெரும்பாலான விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் சனவரித் தொடக்கத்தில் முடிகிறது. அலுவலர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலப்பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். தென்கிழக்காசியா ஒருவர் பொறுப்பில் இருப்பின், நம் பள்ளிகளின் பெயர்களும் தேர்வுமுறைகளும் அவருக்குப் பழக்கமாயிருக்கும். அவர் மதிப்பெண் பட்டியலையும் கட்டுரைகளையும் ஆசிரியர் கடிதங்களையும் படித்துக் குறிப்பெழுதுகிறார். பிப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் குழு கூடுகிறது. படித்த அலுவலர் அங்கே விண்ணப்பதாரரின் வழக்குரைஞராக மாறுகிறார்.

இவ்வறைகளுக்குள் நடப்பது நெடுங்காலம் வெளியாருக்குத் தெரியாமலிருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின்மீது 2014இல் தொடுக்கப்பட்டு, 2018இல் விசாரிக்கப்பட்டு, 2023 சூனில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புடன் முடிந்த வழக்கே திரையை விலக்கியது. இனத்தைக் கருதிச் சேர்க்கை வழங்குவது சட்டத்திற்கு ஒவ்வாது என்பது தீர்ப்பு. அதன் நன்மை தீமை வேறொரு நாளைய பேச்சுக்குரியது. நமக்கு இன்று வேண்டுவது அவ்வழக்கில் வெளிவந்த நடைமுறை. ஏறத்தாழ 40 பேர் கொண்ட குழு ஒன்றாக அமர்ந்து, பெரும்பான்மை வாக்கினால் முடிவு செய்கிறது. 2019இல் பட்டம் பெறவிருந்த வகுப்பிற்கு 37,000 பேருக்குமேல் விண்ணப்பித்தனர். இடம் பெற்றோர் சுமார் 2,000 பேர். உள்நாட்டு விண்ணப்பதாரருள் மட்டும் பள்ளித் தரமதிப்பில் குறையே இல்லாதோர் 8,000 பேருக்கு மேற்பட்டவர்.

இவ்வெண்களைச் சற்று நின்று நோக்கவேண்டும். குறையற்ற மதிப்பெண் உடையோரை மட்டும் சேர்த்தாலும், அவர்களுள் நால்வரில் மூவரைத் திருப்பி அனுப்பியாக வேண்டும். நமக்கு இங்கே உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து ஊரவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தபோது, நிலம், வயது, கல்வி, ஒழுக்கம் என முதலில் தகுதிகளை வகுத்தனர். பின்னர்த் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். தகுதி ஒத்தவரிடையே எஞ்சிய முடிவைக் குடத்திடம் விட்டனர். ஓலை வராதவன் தன்னைத் தாழ்வாகக் கருதக் காரணமில்லை. அமெரிக்கச் சேர்க்கைக் குழு குடத்தை ஏற்பதில்லை; ஒவ்வொருவருக்கும் காரணம் காண முயல்கிறது. அதனால் இடம் கிடைக்காத பதினெட்டு வயதுப் பிள்ளை, அக்காரணம் தன்னிடமே உள்ளதென்று பல ஆண்டுகள் தேடிக்கொண்டிருக்கிறது. நம் கருத்தில் அம்முறையின் பெருங்குறை இதுவே.

அங்கே குழுவின்முன் பேசும் அலுவலர் அப்பிள்ளையைப் பார்த்ததேயில்லை. அவர் கையிலுள்ள சொற்கள் நாம் எழுதி அனுப்பியவை. ‘ஒழுக்கமும் உழைப்பும் உடையவர், பழகுதற்கு இனியவர், எதிர்காலத்தில் சிறப்புறுவார்’ என்று எழுதுகிறோம். பொய்யில்லை. ஆயினும் அந்த அறையில் அன்று பேசப்படும் அனைவரும் உழைப்பாளிகள், அனைவரும் இனியவர்கள். அச்சொற்களை எடுத்து அலுவலர் வாதிட வழியில்லை. ஆய்வகத்தில் விடை பிழைத்தபோது அம்மாணவி மறுநாள் தானே வந்து அளவீட்டைத் திரும்ப எடுத்தாள் என்றோ, வகுப்பில் பேசவே அஞ்சிய தோழனைத் தன் விவாத அணியில் சேர்த்துக்கொண்டாள் என்றோ எழுதினால், அவர் அதைப் பிடித்துக்கொண்டு பேசுவார். பெயரடைகள் நிறைந்த ஒரு பக்கத்தைவிட நிகழ்ச்சி ஒன்று அடங்கிய நான்கு வரி அங்கே எடை மிக்கது.

இதனோடு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கடிதம் வேண்டி நம் மாணவர் கணித, அறிவியல், ஆங்கில ஆசிரியர்களை நாடுகின்றனர். சில பல்கலைக்கழகங்கள் முதன்மைப் பாட ஆசிரியரையே கேட்பதும் உண்மை. எனினும் கூடுதலாக ஒரு கடிதம் சேர்க்க இடமுள்ள போதும் தமிழாசிரியரை நினைப்போர் குறைவு. பத்துப் பதினைந்து பேர் கொண்ட தமிழ் வகுப்பில், ஒரு பிள்ளை எப்போது வாய்திறக்கும், எப்போது சிரிக்கும், வீட்டில் பாட்டியிடம் எம்மொழியில் பேசும் என்பதெல்லாம் அறிந்தவர் அவர். உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்திற்குப் பிற்பகலில் பேருந்தேறிச் சென்று படித்த மாணவனின் விடாமுயற்சியை வேறு யார் எழுதுவார்? கடிதம் ஆங்கிலத்தில்தான் போகவேண்டும். அதனாலென்ன, அறிந்த செய்தி தமிழ் வகுப்பினுடையதுதானே.

முடிவு வெளியாகும் நாளுக்கு வருவோம். முன்னாளில் அஞ்சல்காரர் கையிலிருந்த உறை தடித்திருந்தால் சேர்க்கை, மெலிந்திருந்தால் மறுப்பு. இன்று இணையப் பக்கம் திறக்கிறது. வடகிழக்கின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் பலவும் மார்ச்சு இறுதியில் ஒரே மாலை ஏழு மணிக்கு முடிவை அறிவிப்பது வழக்கம். நமக்கு அது மறுநாள் காலை ஏழு மணி. அலுவலகத்தில் அன்று பட்டியல்களை மீண்டும் மீண்டும் சரிபார்ப்பதே வேலை. அதற்குக் காரணமும் உண்டு. 2009 மார்ச்சு இறுதியில் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வரவேற்பு மின்னஞ்சல், விண்ணப்பித்த 46,000 பேருக்கும் போய்விட்டது. அவர்களுள் 28,000 பேர் முன்னரே மறுக்கப்பட்டவர்கள்.

ஏப்ரல் முதல் நாள் காட்சி மாறிவிடுகிறது. ஒரு மாணவர்க்குப் பல இடங்களில் அழைப்பு வந்திருக்கும். எதை ஏற்பது என்பதை மே 1ஆம் நாளுக்குள் சொன்னால் போதும். மூவரை அழைத்தால் ஒருவரே வருவார் என்னும் நிலையிலுள்ள கல்லூரிகள் பல. வருவோர் கணக்குத் தவறினால் விடுதியில் கட்டில் போதாது, அல்லது கட்டணம் குறைந்து ஆண்டு வரவு செலவு ஆட்டம் காணும். ஆகவே நேற்றுவரை வாக்களித்தவர்கள் இன்று தொலைபேசியை எடுக்கின்றனர். அழைப்புப் பெற்றோர்க்கெனத் தனி வரவேற்பு நாள்கள் நடக்கின்றன. மாணவ வழிகாட்டிகள் வந்தவர் முகம் பார்த்துப் பின்னோக்கி நடந்தபடியே வளாகத்தைச் சுற்றிக் காட்டுகின்றனர். மார்ச்சில் குறை தேடிய அதே அலுவலர், ஏப்ரலில் பெற்றோரிடம் உணவுச்சாலையைப் புகழ்ந்துகொண்டிருப்பார்.

வருவோர் விகிதத்திற்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘யீல்டு’. உழவர் சொல், நாம் விளைச்சல் என்போம். சேர்வதாக ஒப்பி முன்பணம் கட்டியபின் கோடையில் நழுவிப் போவோரை ‘மெல்ட்டு’ என்பர், அதாவது உருகிப்போதல். பனியும் பயிரும் அறிந்த நிலத்தின் சொற்கள் இவை. மொழிபெயர்ப்பு வகுப்பில் மாணவரிடம் தந்து பார்க்கத் தகுந்தவை.

ஏப்ரலின் கடினமான உரையாடல் பணத்தைப் பற்றியது. உதவித்தொகை மடல் வராமல் குடும்பம் முடிவெடுக்க இயலாது. உள்நாட்டு மாணவர்க்கான அரசு உதவிப் படிவம் வழக்கமாக அக்டோபரில் திறக்கும். புதுப்பிக்கப்பட்ட படிவம் 2023 திசம்பர் இறுதியில்தான் திறந்தது. அதன் விவரங்கள் கல்லூரிகளுக்கு வந்துசேர மார்ச்சு நடுப்பகுதி ஆயிற்று. பல கல்லூரிகள் மே 1ஐக் கைவிட்டு மே 15க்கும் சூன் 1க்கும் தள்ளிப்போட்டன. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஏப்ரலிலேயே முடிவு செய்தனர். உதவி வேண்டுவோர் காத்திருந்தனர். அயல்நாட்டு மாணவர்க்கோ வேறு கவலை. ஓராண்டுச் செலவுக்குப் பணமுண்டு என்று வங்கிச் சான்று காட்டினால்தான் விசாவுக்கான படிவம் கிடைக்கும்.

மே முதல் நாளோடு எல்லாம் ஓய்வதில்லை. வேறிடம் ஒப்பிய மாணவரை அந்நாளுக்குப்பின் ஈர்க்கலாகாது என்றொரு தொழில்நெறி முன்பு இருந்தது. அது போட்டியைத் தடுக்கிறதென நீதித்துறை ஐயுற்றதனால் 2019இல் நீக்கப்பட்டது. இப்போது மே மாதத்திலும் கட்டணக் குறைப்போடு மடல் வருவதுண்டு. விளைச்சல் குறைந்த இடங்களில் காத்திருப்போர் பட்டியலும் அசைகிறது. அழைப்பு வந்தால் சில நாள்களுக்குள் மறுமொழி சொல்லவேண்டும்.

நம் பையன்கள் செய்தி இன்னும் வேறு. சேர்க்கை கிடைத்தாலும் இரண்டாண்டு தேசிய சேவை முன்னே நிற்கிறது. பல பல்கலைக்கழகங்கள் இதனை அறிந்திருப்பதால், ஒத்திவைக்க வேண்டி எழுதினால் இடத்தைக் காத்து வைக்கின்றன. அந்தக் கோப்பு ஈராண்டுக்குப் பிந்திய வகுப்பின் கணக்கில் ஏறுகிறது. இடையில் அலுவலர் மாறலாம். புதியவர் கோப்பைத் திறக்கும்போது அதில் நம் கடிதம் இருக்கும்.