எழுதி வைத்த எழுத்தே!



"பிள்ளைகளின் எதிர்காலத்தைக் காப்பது பெற்றோர் சேர்த்து வைக்கும் சொத்தா, எழுதி வைக்கும் எழுத்தா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் சொத்து, சொத்து என்று முப்பது தடவை சொன்னார். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பேசும்போது வேற என்ன வேலை? (சிரிப்பு) "பிள்ளையைச் சபையிலே முன்வரிசையில் உட்கார வை என்று வள்ளுவர் தகப்பனுக்குச் சொன்னாரே, அதற்குப் பணம் வேண்டாமா?" என்று கேட்டார். வள்ளுவர் சொன்னது கல்வியை. அதை வசதியாக விட்டுவிட்டார், போகட்டும். ஐயா, ஒன்றும் எழுதி வைக்காமல் போய்ப் பாருங்க. பிள்ளைகள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். பொன்னேரி கோர்ட்டிலே! வாய்தாவுக்கு வாய்தா அதே முன்வரிசை! (கைதட்டல்)

சொத்து இருந்தால் போதும் என்கிறவர்களுக்கு ஒரு பெரிய சொத்துக்காரரைக் காட்டுகிறேன். பாரி. பறம்பு நாட்டிலே 300 ஊர். அத்தனையும் கேட்டு வந்தவர்களுக்குப் போய்விட்டது என்று கபிலரே பாடுகிறார். முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்த மகாவள்ளல். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். முல்லைக்கு ஏற்பாடு பண்ணினவர், வீட்டிலே இருந்த இரண்டு பெண்களுக்கு என்ன ஏற்பாடு பண்ணினார்? மூவேந்தரும் சேர்ந்து வந்தார்கள். அப்பா போனார், மலையும் போனது. அங்கவை, சங்கவை என்று பிற்காலத்தார் பேர் சொல்கிற அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு கபிலர் நடந்தார். விச்சிக்கோனிடம் போனார், மறுத்தான். இருங்கோவேளிடம் போனார், அவனும் மறுத்தான். கடைசியிலே அந்தணர்களிடம் ஒப்படைத்துவிட்டு, வடக்கிருந்து உயிரை விட்டார்.

பாரிக்குக் கபிலர் இருந்தார். உங்களுக்கும் எனக்கும் எந்தக் கபிலர் வரப்போகிறார்? பத்தாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள், "பிள்ளைங்களை நீ வச்சுக்க, வீட்டை நான் பாத்துக்கறேன்" என்று பங்கு பிரிப்பதைப் பார்த்தவன் நான். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வரும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வராது.

இதற்குச் சட்டத்திலே வழி இருக்கிறது. 1956-ஆம் வருஷத்து இந்து மைனர், காப்பாளர் சட்டம். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லாமல் போனால் குழந்தைக்கு யார் காப்பாளர் என்று உயிலிலேயே எழுதலாம். எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? அம்மா உயிரோடு இருக்கும்போதே அவரைக் காப்பாளர் என்று ஒத்துக்கொள்ள இந்த நாட்டிலே வழக்கு நடந்தது! எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மகன் பேரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனார். அப்பா கையெழுத்துக் கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் போய் 1999-இல் தீர்ப்பு வாங்கினார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். திருவொற்றியூர், பொன்னேரி, பஞ்செட்டி சாலையிலே, துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்திலே பைக்கிலே வேலைக்குப் போகிற தம்பிகள் இங்கே நூறு பேராவது இருப்பீர்கள். "எனக்கென்ன சார் வயசு, முப்பத்திரண்டு" என்பீர்கள். லாரிக்கு உங்கள் வயசு தெரியாது தம்பி.

ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, உங்கள் அம்மாவுக்கு ஒரு பங்கு. எல்லாம் சமம். தாய்க்குப் பங்கு நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் மைனர். ஆபரேஷனுக்கு, படிப்புக்கு அந்த மனையை விற்கணும் என்றால், மைனர் பங்கை விற்க அம்மா கோர்ட்டு அனுமதி வாங்க வேண்டும். குழந்தையைக் காக்கத்தான் அந்தச் சட்டம். ஆனாலும் வாரிசுச் சான்றிதழுக்குப் பொன்னேரி தாலுகா ஆபீசுக்கும், அனுமதிக்குக் கோர்ட்டுக்குமாகக் கைக்குழந்தையோடு அலைகிறவள் உங்கள் மனைவி. "மனை என் மனைவிக்கு, வைப்புப் பணம் என் தாய்க்கு" என்று ஒரு தாளிலே எழுதினால் மாமியார் மருமகள் சண்டையிலே பாதி மிச்சம். மீதிப் பாதியை என்னாலும் தீர்க்க முடியாது. (சிரிப்பு)

"நாமினி போட்டிருக்கேன் சார், கவலை இல்லை" என்பார்கள். 1983 டிசம்பரிலே உச்ச நீதிமன்றம் ஒரு எல்.ஐ.சி. வழக்கிலே தீர்ப்புச் சொன்னது. கணவர் மனைவியை நாமினியாகப் போட்டிருந்தார். தாயாரும் மகனும் பங்கு கேட்டார்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கும் கை, சொந்தக்காரர் அல்ல, வாரிசுகளுக்குப் பங்கு உண்டு என்றது கோர்ட்டு. 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இப்போது பாலிசியிலே பெற்றோர், மனைவி, பிள்ளை நாமினியானால் பணம் அவர்களுக்கே. வங்கி வைப்புக்கு அந்தத் திருத்தம் பொருந்தாது. அங்கே நாமினி இன்றைக்கும் வாங்கும் கைதான்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்லணும். மீஞ்சூர்க் கிணற்று நீரை ஆண்டுக்கணக்காகப் பட்டணத்துக்கு இறைத்தார்கள். நல்ல தண்ணீர் போன இடத்திலே கடல் தண்ணீர் உள்ளே புகுந்தது. உங்களுக்கே தெரியும், எனக்கு முன்னாலே நீங்கள் குடித்துப் பார்த்தவர்கள். அப்பா போன இடத்திலே முதலில் புகுவது யார்? கடன்காரர்! சீட்டுக்காரர், வட்டிக்காரர், ஜாமீன் போட்ட கடன். நீங்கள் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைக்கும் கை நீளும்.

அதற்கு ஒரு கரை உண்டு. 1874-ஆம் வருஷத்து மணமான பெண்கள் சொத்துச் சட்டம், ஆறாவது பிரிவு. கல்யாணமான ஆண் தன் உயிருக்குப் பாலிசி எடுக்கும்போதே, "இது என் மனைவி, பிள்ளைகளின் நன்மைக்கு" என்று அதிலே எழுதச் செய்தால், அது அவர்களுக்கான அறக்கட்டளை ஆகிவிடும். கடன்காரரை ஏமாற்றவென்றே எடுத்ததாக நிரூபித்தால் ஒழிய, அவர் கை அங்கே போகாது. ஆச்சரியம் என்ன தெரியுமா? இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தப் பாதுகாப்பு மெட்ராஸில் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிக்கே உண்டு. மற்ற ஊர்களுக்கு 1923 ஏப்ரலுக்குப் பிறகுதான். நம்மூருக்கு முதலில் வந்த உரிமை, நம்மூரிலேயே தெரியவில்லை! ஏஜெண்டு சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்கணும். எடுத்து முடித்த பிறகு கேட்டால் ஆகாது.

"உயில் எழுத வக்கீலுக்குப் பணம்?" என்று எதிரணி அம்மையார் கேட்டார். வெள்ளைத்தாள் போதும் அம்மா. முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை, பண்ணினால் நல்லது. நீங்கள் கையெழுத்துப் போட, பார்த்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். சொத்திலே பங்கு வாங்காத, உங்களைவிட இளையவர்களாகப் பாருங்கள். மனசு மாறினால் மாற்றி எழுதலாம். இஸ்லாமியப் பெருமக்களுக்கு உயிலில் மூன்றில் ஒரு பங்கு என்று தனி வரம்பு உண்டு, ஜமாத்திலே கேட்டுக்கொள்ளுங்கள்.

நடுவர் மணி அடித்துவிட்டார். ஒரே நிமிடம் ஐயா. எழுதினதை எங்கே வைத்திருக்கிறோம் என்று வீட்டிலே ஒருத்தருக்காவது சொல்லுங்கள். பத்து வருஷம் யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகிறது. 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் அப்படி அனுப்பியது 35,012 கோடி ரூபாய். வாரிசுகள் தேடிப் பார்க்க அந்த வருஷமே உத்கம் என்று ஓர் இணையதளம் வைத்தார்கள். அந்த 35,012 கோடியும் யாரோ அப்பா அம்மா பார்த்துப் பார்த்துச் சேர்த்த சொத்துதான், எதிரணித் தலைவரே! (கைதட்டல்)