மண்ணுக்கு ஏது மகிமை?

(நாஞ்சில் நாட்டில் ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியதின் சுருக்கம்)



கன்னியாகுமரிக் கடற்கரையில் கருப்பும் சிவப்புமாய்க் கிடக்கும் மணல், அம்மன் கல்யாணம் நின்றுபோனதால் சிதறின அரிசியென்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஆனால் 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மோனசைட்டில் தோரியம் உண்டு; அது கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசுகின்றது. தலைமுறை தலைமுறையாய்க் கும்பிட்டவனுக்குத் தெரியாதது, ஒரு பிடி மணலைச் சோதித்தவனுக்குத் தெரிந்துவிட்டது.

அது இயற்கையாய் உள்ள கதிர். மனிதன் குண்டு வெடித்துப் பரப்பின கதிரோ வேறு. 1954 மார்ச் 1-ல் அமெரிக்க சர்க்கார் பசிபிக் சமுத்திரத்துப் பிகினித் தீவில் ஹைட்ரஜன் குண்டு வெடித்தது. பக்கத்து ரோங்கெலாப் தீவில் வெள்ளைச் சாம்பல் விழுந்தது; குழந்தைகள் அதில் விளையாடினார்கள். மேல் புண்ணாயிற்று, தலைமயிர் உதிர்ந்தது. பிகினிக்குப் பிற்பாடு திரும்பின குடும்பங்களையும் 1978-ல் மறுபடி வெளியேற்ற நேர்ந்தது. ஏன்? மண்ணிலிருந்த சீசியத்தைச் சாம்பல் சத்தைப்போலவே தென்னை உறிஞ்சித் தேங்காயில் சேர்த்துவிட்டது. தென்னையை நம்பிப் பிழைக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

“பூமிக்கடியில் வெடித்தால் பயமில்லை” என்பார்கள். அமெரிக்காவின் நெவாடாவில் 800 தடவைக்குமேல் அப்படித்தான் வெடித்தார்கள். அங்கே நிலத்தடி நீரில் டிரிட்டியம் கலந்திருக்கின்றது. அது தண்ணீரோடு தண்ணீராய் நிற்பது. வடிகட்டினாலும் போகாது, காய்ச்சினாலும் போகாது, புண்ணியாகவாசனம் செய்தாலும் போகாது!

நம் தேசத்திலும் 1974-லும் 1998-லும் ராஜஸ்தானத்துப் பொக்ரானில் பூமிக்கடியில் வெடித்தார்கள். 1998-ல் அவ்விடத்து மண்ணை நாடெங்கும் கொண்டுபோகலாம், அங்கே கோயிலும் கட்டலாம் என்று சிலர் கிளம்பினார்களே! அம்மன் அரிசிக் கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கும்பிடுகிற மண்ணை எவனும் சோதிக்கமாட்டான். சோதிக்கச் சொன்னவனைத் துரோகி என்பான். குண்டு வெடித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகவே, நோய் வந்தால் தலையெழுத்தென்று உட்காராதீர்கள். “ஆபத்தே இல்லை” என்கிற அதிகாரியையும், “எல்லோரும் செத்தோம்” என்று புரளி கிளப்புகிறவனையும் ஒருசேர நம்பாதீர்கள். நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பவேண்டாம். பொக்ரானாயினும், மணல் அள்ளும் நம் மணவாளக்குறிச்சியாயினும், மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் அளந்து, அந்தக் கணக்கைப் படிக்கத்தக்க பாஷையில் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்கும் யோக்கியதை, அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொருத்திக்கும் உண்டு.