இருள்நிற அறையும் இதமான விளக்கும்

வீட்டுச் சுவருக்கு நிறந் தெரிந்தெடுக்கும் வேளையில் பெரும்பாலோர் வெண்மையையோ வெண்மையை அடுத்த மென்னிறங்களையோ நாடுவர். வெண்மை ஒளியைப் பெருக்கும். ஒளி பெருகினால் இடம் விரிந்து தோன்றும். ஆகவே அதுவே தக்கது என்பது பொதுவான எண்ணம். கருநீலம், கரும்பச்சை, ஆழ்ந்த செம்மை, கரிநிறம் என்பவை அறையைச் சிறுக்கச் செய்யும், மனத்தைச் சோர்வுறச் செய்யும் என்று அஞ்சுவோர் பலர். இவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. எனினும், இருள்நிறத்தாற் கெட்டன என்று சொல்லப்படும் அறைகளுட் பல, உண்மையில் விளக்கினாற் கெட்டவையே.

இதன் காரணம் எளியது. வெண்சுவர் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கைத் திருப்பி அனுப்புகின்றது. ஆழ்ந்த நீலச் சுவரோ 10 பங்கைத்தானும் திருப்புவதில்லை. வெள்ளை அறையில் ஒரு விளக்கை எங்கே வைத்தாலும் அதன் ஒளி சுவருக்குச் சுவர் தாவி எல்லா மூலைகளையும் எட்டிவிடும். இருள்நிற அறையில் ஒளி வைத்த இடத்திலேயே தங்கும். விளக்கைச் சூழ்ந்த ஒரு வட்டம் துலங்க, அதற்கு அப்பாலுள்ளவை பின்வாங்கி நிற்கும். ஆகவே வெள்ளை அறையில் விளக்கை எங்கு வைப்பது என்பது சிறு கேள்வி. இருள்நிற அறையிலோ அதுவே முதற் கேள்வி. கோயில் மூலத்தானத்தில் ஒரு நெய்விளக்கு சிறுசுடராய் எரிய, கருங்கற் சுவர்கள் மறைந்து ஆபரணங்கள் மட்டும் மின்னுவதைக் கண்டோர்க்கு இவ்வுண்மை புதியதன்று.

இந்த முறைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. அஃது இலண்டன் மாநகரிற் பிறந்து, இன்று அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் இருக்கும் ஓர் உணவருந்தும் அறை. மயிற்கூடம் என்பது அதன் பெயர். அதன் வரலாறு நிறங்களைப் பற்றிய பாடமாக இருப்பதோடு, ஒரு வீடு யாருக்கு உரியது என்ற வினாவையும் எழுப்புகின்றது.

பிரடெரிக் லேலண்ட் என்பவர் இலிவர்பூல் துறைமுகத்தின் பெருஞ் செல்வர்; கப்பல் அதிபர். 1870களில் அவர் இலண்டனில் பிரின்ஸஸ் கேற் என்னுமிடத்தில் ஒரு மாளிகை கொண்டார். சீன நாட்டு நீல வெள்ளைப் பீங்கான்களைத் திரட்டுவதில் அவருக்குப் பெருவிருப்பம். அப்பீங்கான்களை வைப்பதற்கெனவே தமது உணவருந்தும் அறையைத் தோமஸ் ஜெக்கில் என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைத்தார். ஏறக்குறைய 33 அடி நீளமும் 20 அடி அகலமும் 14 அடி உயரமும் கொண்ட அவ்வறையின் சுவர்களை ஜெக்கில் பூவேலை செய்த பொற்றோலாற் போர்த்தார். அதன்மேல் வால்நட் மரத்தாலான மெல்லிய தட்டுகளை அடுக்கடுக்காக அமைத்தார். மேலிருந்து எட்டு வாயு விளக்குகள் தொங்கின. கணப்படுப்பின் மேலே ஜேம்ஸ் மக்னீல் விஸ்லர் என்னும் ஓவியர் தீட்டிய "பீங்கான் நாட்டு இளவரசி" என்ற படம் மாட்டப்பெற்றது.

வேலை முடியுந் தறுவாயில் ஜெக்கில் நோயுற்றார். அவ்வேளை அம்மாளிகையின் நுழைவு மண்டபத்தை அலங்கரித்துக்கொண்டிருந்த விஸ்லர், தோலிலுள்ள பூக்களின் செந்நிறம் தமது ஓவியத்தின் நிறங்களோடு ஒவ்வவில்லை என்றார். சிறிது திருத்த அனுமதி கேட்டார். லேலண்டும் இசைந்து இலிவர்பூலுக்குச் சென்றுவிட்டார். அது 1876ஆம் ஆண்டு.

சிறிது என்று தொடங்கிய வேலை பெரிதாயிற்று. மேற்கூரை பொன்னிறத் தகட்டாற் பொதியப்பெற்றது. அதன்மேல் மயிற்பீலிக் கோலங்கள் படர்ந்தன. மரத்தட்டுகளும் பொன்னிறம் பெற்றன. உயர்ந்த யன்னற் கதவுகளிற் பொன் மயில்கள் தோகையைத் தாழவிட்டு நின்றன. இரவில் அக்கதவுகளைச் சாத்திய பின்னரே அம்மயில்கள் முழுமையாகத் தோன்றும். அறை இரவுக்கென்றே சமைக்கப்பட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

ஓவியர் 2,000 கினி ஊதியம் கேட்டார். தாம் கேளாத வேலைக்கு இவ்வளவு பொருளா என்று லேலண்ட் சினந்தார். முடிவில் 1,000 பவுண் கொடுத்தார். கினி என்பது 21 சிலிங், பவுண் என்பது 20 சிலிங். அக்கால வழக்கில் கலைஞர்க்கும் வைத்தியர்க்கும் கினியில் ஊதியம் தருவர். கடைக்காரர்க்குப் பவுணிற் கொடுப்பர். தொகை பாதியாகக் குறைந்ததுடன் பவுணில் வந்ததும் விஸ்லரின் உள்ளத்தைச் சுட்டது.

அதன் பின்னர் நிகழ்ந்ததே அவ்வறையைப் புகழுறச் செய்தது. விலையுயர்ந்த பொற்றோல் முழுவதையும் விஸ்லர் ஆழ்ந்த பிரஷ்ய நீலத்தாற் பூசி மறைத்தார். இளவரசியின் ஓவியத்துக்கு எதிர்ச் சுவரிலே, ஒன்றோடொன்று பொருதும் இரு மயில்களைப் பொன்னினாலும் வெள்ளியினாலும் வரைந்தார். ஒரு மயிலின் காலடியில் வெள்ளிக் காசுகள் சிதறிக் கிடக்கின்றன. அது செல்வரையும் மற்றது கலைஞரையும் குறிப்பன என்பது வெளிப்படை. 1877ஆம் ஆண்டில் வேலை முடிந்தது. லேலண்ட் அச்சுவரை மாற்றவில்லை. தம்மைப் பழித்து வரைந்த மயிலைத் தமது வீட்டிலேயே வைத்து 1892இல் இறக்கும்வரை வாழ்ந்தார். விஸ்லர் 1879இற் கடனால் முறிந்தார். அவ்வறையை முதலில் வகுத்த ஜெக்கில், மனநோய்க்குள்ளாகி 1881இல் மருத்துவமனையொன்றில் உயிர் நீத்தார். அவர் எண்ணிய அறையை இன்று ஒருவரும் காண இயலாது.

மனிதரின் பூசல் ஒருபுறமிருக்க, அந்த நீலம் அவ்வறையில் யாது செய்தது என்பதை நோக்குதல் வேண்டும். வாயு விளக்கின் சுடரில் மஞ்சளும் செம்மையும் மிகுதி, நீலம் குறைவு. ஆகவே அவ்வொளியில் நீலச் சுவர் ஏறத்தாழக் கருமையாகிப் பின்னே ஒதுங்கும். பொன்னோ அதே ஒளியை வாங்கிச் சுடரும். சுவர் எங்கே முடிகின்றது என்பது தெரியாமற் போகப் பொன்மயில்களும் பொற்றட்டுகளும் வெளியில் மிதப்பனபோலத் தோன்றும். இருள்நிறம் அறையைச் சிறுக்கச் செய்யும் என்ற எண்ணம் இவ்விடத்திற் பொய்த்துப்போகின்றது. எல்லை மறைந்தால் இடம் குறுகாது, ஆழ்ந்து தோன்றும்.

1904ஆம் ஆண்டில் சார்ள்ஸ் லாங் பிரீயர் என்னும் அமெரிக்கச் செல்வர் அவ்வறையை விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகக் கழற்றிக் கப்பலேற்றித் தமது டெற்றோயிற் நகர இல்லத்திற் பொருத்தினார். நீல வெள்ளைப் பீங்கானுக்குப் பதிலாக ஆசிய நாடுகள் பலவற்றிலிருந்து தாம் சேர்த்த மண்ணிற மட்கலங்கள் 250க்கு மேற்பட்டவற்றை அதில் அடுக்கினார். அவையும் அவ்வறையிற் பொலிந்தன. அவர் மறைந்தபின் அவ்வறை வாஷிங்டன் சென்றது. 1923இல் திறக்கப்பட்ட பிரீயர் கலைக்கூடத்தில் அஃது இன்றும் உள்ளது.

பொன்பூசிய மாளிகையிலிருந்து சாதாரண இல்லத்துக்கு வருவோர் எடுத்துச் செல்லத்தக்கவை சில உள. முதலாவது, இருள்நிறம் பூசுவோர் பூச்சுக்கு முன் விளக்கைத் திட்டமிடல் வேண்டும். நடுக்கூரையிற் கடுமையான ஒற்றை மின்குமிழைத் தொங்கவிட்டால் கண் கூசும். முகங்களில் நிழல் விழும். சுவர் அழுக்கேறியதுபோற் காணப்படும். அதற்குப் பதிலாக மூன்று நான்கு சிறு விளக்குகளை, அமர்ந்திருப்போரின் கண்மட்டத்தை ஒட்டி, திரையிட்டு வைத்தல் நன்று: சாய்நாற்காலியருகே ஒன்று, மேசைமேல் ஒன்று, மூலையில் ஒன்று. மின்குமிழ் 2,700 கெல்வின் அளவினதான மஞ்சள் சார்ந்த ஒளி தருவதாயின் இதமாக இருக்கும். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் ஆளி பொருத்தினால் மேலும் வசதி.

இரண்டாவது, மின்னும் பொருள் சில வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கு, கண்ணாடி, மெருகேறிய மரத் தளபாடம் ஆகியவை சிறு ஒளியையும் வாங்கித் திருப்பித் தரும். சுவரோ மெருகற்ற பூச்சாயிருத்தல் நலம். மெருகுப் பூச்சு விளக்கைக் கண்ணாடிபோற் காட்டிச் சுவரின் மேடுபள்ளங்களை அம்பலப்படுத்திவிடும்.

மூன்றாவது, ஓர் அகன்ற பலகையில் நிறத்தைப் பூசி, காலையிலும் நண்பகலிலும் விளக்கேற்றிய பின்னரும் அவ்வறையிலேயே வைத்துப் பார்த்தல் வேண்டும். கடையிற் கண்ட நிறம் வீட்டில் அதுவாகவே இராது. ஈரம் ஏறும் சுவருக்கு இருள்நிறம் ஆகாது. உப்புப் பூத்தால் வெண்படலம் எளிதிற் புலப்படும். வெயிலேறும் வெளிச்சுவருக்கும் அது பொருந்தாது, வெப்பத்தை உள்ளிழுக்கும்.

இவை எல்லாவற்றிலும் முதன்மையானது மற்றொன்று. முதியோரின் கண்ணுக்கு இளையோரின் கண்ணிலும் மிகுந்த ஒளி வேண்டும். படிக்கும் பிள்ளைக்குத் தெளிந்த ஒளி வேண்டும். படிக்கட்டிலும் சமையலறையிலும் இருள் அழகன்று, ஆபத்து. அழகை விரும்பும் ஒருவரது எண்ணத்துக்காக வீட்டிலுள்ள ஏனையோர் தடுமாறுதல் தகாது. விஸ்லரின் கை ஒப்பற்றது. ஆனால் அந்த வீட்டில் வாழ்வோரை அது கேட்கவில்லை. பேரழகு பிறந்தது, ஒரு நட்பு மாண்டது. அவ்வறை கலைக்கூடத்தைச் சேர்ந்தது. வீடென்பது கலைக்கூடம் அன்று.

ஆகவே இருள்நிறத்தை நாடுவோர் அஞ்ச வேண்டியதுமில்லை, அவசரப்பட வேண்டியதுமில்லை. மாலையில் வீட்டார் ஒன்றுகூடும் ஓர் அறையைத் தேர்ந்து, அவர்கள் எங்கே அமர்வர், எதைக் கையிலெடுப்பர், யார் முகத்தை யார் நோக்குவர் என்பதை முதலில் எண்ணி, அவ்விடங்களில் விளக்கை வைத்து, அதன்பின் சுவருக்கு நிறந் தீட்டுவார்களாயின், அவ்வறையின் இருள் அச்சந் தராது. பகலெல்லாம் உழைத்துத் திரும்புவோரை அணைத்துக்கொள்ளும் நிழலாக அஃது அமையும்.